மதகு வல்லுநர் இளையபெருமாள்

இளையபெருமாள் செய்த குற்றம் மொத்தம் இரண்டே வார்த்தை. அதையும் அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதுக்கா."

சொன்ன இடம், பாபநாசத்தில் உரக்கடை மாடியில் இருக்கும் அவருடைய கணக்கு அலுவலகம். சொன்ன நேரம், திங்கட்கிழமை காலை பதினொன்றே கால். கேட்டவர், கீழமருதங்குடி பாசன சங்கத் தலைவி கண்ணாத்தாள். மறுநாள் சாயங்காலமே தஞ்சாவூரிலிருந்து கூரியரில் நோட்டீஸ் வந்துவிட்டது. சோழமண்டலக் கணக்காளர் பேரவையின் நெறிமுறைக் குழு முன்னால் அவர் ஆஜராக வேண்டும்.

நோட்டீஸை மூன்று தடவை படித்தார். நாலாவது தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். அப்போதும் அதுவேதான் எழுதியிருந்தது: 'வாடிக்கையாளர் முன்னிலையில் அறியாமையை வெளிப்படுத்தியது.'

நடந்தது இவ்வளவுதான். கீழமருதங்குடி வாய்க்கால் மதகுக்குப் புதிதாக இரும்பு ஷட்டர் போட்டிருந்தார்கள். போட்ட வேலைக்குச் சான்று வேண்டும் என்று பொதுப்பணித் துறை அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தகுதி வாய்ந்த வல்லுநரின் சான்றை இணைக்கவும்' என்றது படிவம். எந்த வல்லுநர் என்று எழுத, அச்சடித்தவர் மறந்துவிட்டார். அந்த மறதிக்குள் பேரவை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

பேரவைக்கும் வேறு வழியில்லை. வரிக் கணக்கை அவனவன் செல்போனிலேயே போட ஆரம்பித்துவிட்டான். கணக்காளர்கள் மத்தியானத்தில் தூங்க ஆரம்பித்தார்கள். அதனால் பேரவை பஸ் ஸ்டாண்டுகளில் எல்லாம் ஃப்ளெக்ஸ் கட்டியது: 'மதகு முதல் மாடு வரை, உங்கள் கணக்காளரே உங்கள் வல்லுநர்!'

அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாத்தாள் மாடிப்படி ஏறி வந்தார்.

"தம்பி, அந்த ஷட்டரைப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை தண்ணி வருது. நீங்க வந்து பாத்து, நல்லாருக்கா இல்லையான்னு எழுதிக் குடுங்க."

"அதுக்கு இன்ஜினியர் இருப்பாங்களேக்கா?"

"நாலு தாலுக்காவுக்கு ஒரே இன்ஜினியராம். வல்லுநர் சான்று வந்துட்டா ஃபைலை முடிச்சிடுவோம், அவங்க வர வேண்டியதில்லைன்னு சொல்றாங்க. நீங்கதான் வல்லுநராமே?"

அப்போதுதான் இளையபெருமாள் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னார். கண்ணாத்தாள் கோபித்துக்கொள்ளவில்லை. கீழே இறங்கி, ஃப்ளெக்ஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, "எங்க ஆளு தெரியாதுங்கறாரு, தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். எதிர்முனையில் யாரோ டம்ளரைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

*

பேரவை, தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. புதன்கிழமை நல்ல முகூர்த்தம். கீழே கல்யாணம், மேலே விசாரணை.

நடு நாற்காலிக்குப் பூந்துவாலை போர்த்தி, அதில் தலைவர் நெடுமாறன் உட்கார்ந்திருந்தார். அவருடைய விசிட்டிங் கார்டு மூன்றாக மடிக்கிற மாதிரி இருக்கும். வரி வல்லுநர், மண் வல்லுநர், கால்நடை வல்லுநர், கட்டட வல்லுநர், வாஸ்து வல்லுநர் (மாலை நேரம் மட்டும்) என்று போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் செயலாளர் ஷோபனா, கையில் ஃபைலோடு.

"நீங்க அந்த வார்த்தையைச் சொன்னீங்களா?" என்றார் நெடுமாறன்.

"எந்த வார்த்தைங்க?"

"சார், குழு முன்னாடி வேணாம். லேடீஸ் இருக்கோம்" என்றார் ஷோபனா.

"தெரியாதுன்னுதாங்க சொன்னேன். மதகைப் பத்தி நெசமாவே எனக்குத் தெரியாதுங்க."

"திரும்பச் சொல்லிட்டார். அதுவும் ரெண்டு தடவை! குறிச்சுக்குங்கம்மா."

"ஒரு தடவைதாங்க சொன்னேன்."

"தெரியாததுக்குக் கணக்கு மட்டும் சரியா வச்சிருக்கார் பாருங்க" என்று நெடுமாறன் குழுவைப் பார்த்தார். குழு வருத்தத்துடன் தலையாட்டியது.

"அப்ப என்னதாங்க சொல்லியிருக்கணும்?"

ஷோபனா நெறிமுறைக் கையேட்டைப் புரட்டினார். "விதி பதினொண்ணு. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் கீழ்க்கண்டவற்றில் ஒண்ணைச் சொல்லலாம். 'ஆய்வில் இருக்கு.' 'சூழலைப் பொறுத்தது.' 'ஃபைலை வச்சிட்டுப் போங்க.' அவசரம்னா, 'இதை நீங்க போன வருஷமே எங்கிட்ட கேட்டிருக்கணும்.'"

நெடுமாறன் எழுந்து நின்றார். மைக் தேவையில்லாத அறை அது. ஆனாலும் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நண்பர்களே! தெரிஞ்சதைச் செய்யறது கூலி வேலை. தெரியாததைச் செய்யறதுதான் தொழில்முறை! நான் மண் வல்லுநர். மண்ணை நான் தொட்டதுண்டா? இல்லை. கை அழுக்கானா ஃபைல் அழுக்காகும். நான் கால்நடை வல்லுநர். மாட்டைப் பாத்தா எனக்குப் பயம். அந்தப் பயத்தை ஒரு மாடாவது கண்டுபிடிச்சிருக்கா? வாடிக்கையாளர் நம்மளை நம்பணும், அது நெறிமுறை. நம்ம சான்றை நாமளே நம்பணும்னு எந்த விதியிலயும் கிடையாது!"

கைதட்டல் அடங்கியதும் தீர்ப்பு. இளையபெருமாள் நாளைக்கு அரை நாள் பயிற்சி முடித்து மதகு வல்லுநர் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில், தண்ணீர் வருவதற்கு முன்னால், அதே மதகுக்கு அவரே சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம்.

"உங்க பதிவு எண் போச்சுன்னா, உங்க முத்திரை வெறும் ரப்பர்" என்றார் நெடுமாறன் அன்பாக.

கீழே அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டியது. குழுவில் இரண்டு பேர் பழக்க தோஷத்தில் அட்சதை போடக் கையைத் தூக்கினார்கள்.

இளையபெருமாள் பதினெட்டு வருஷம் வைத்திருந்த எண் அது. மாதக் கடைசியில் நாற்பத்து மூன்று பேருடைய கணக்கில் அந்த எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

*

வகுப்பை எடுத்தவர் இளவழகன். வருமான வரியில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். மதகைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியும் குவளையும் கொண்டுவந்திருந்தார்.

"தண்ணி உள்ள வருது. அது வரவு. வெளிய போகுது. அது செலவு. மீதி நிக்குதே, அது இருப்பு. மதகியல் முடிஞ்சது. சந்தேகம் ஏதாச்சும்?"

"தண்ணி ஷட்டரை உடைச்சிட்டுப் போனா?" என்றார் இளையபெருமாள்.

"அசாதாரண செலவு. தனியா காட்டணும்."

"வயல் முழுகிப் போனா?"

"அது அடுத்த வருஷக் கணக்கு."

பக்கத்து அறையில் கால்நடை வல்லுநர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தடுப்புப் பலகை வழியாகச் சத்தம் நன்றாகக் கேட்டது. "மாட்டுக்கு வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம். பத்து வருஷத்துல மாடு ஜீரோ!" "ஜீரோவான பிறகும் மாடு நிக்குதே சார்?" "நிக்கட்டும். ஒரு ரூபாய் மதிப்புல நிக்கும்."

பன்னிரண்டரைக்குத் தேர்வு. ஒரே கேள்வி: 'நீங்கள் வல்லுநரா?' விடை: 'ஆம்' அல்லது 'உறுதியாக ஆம்.' இளையபெருமாள் இரண்டையும் குறிக்காமல் வெறும் தாளைக் கொடுத்தார். 'வார்த்தையே இல்லாத தன்னம்பிக்கை' என்று எழுதி அவருக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். பொன்னாடை, சான்றிதழ், குரூப் போட்டோ. போட்டோவில் அவர் மட்டும் யாரோ செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேரவை இரண்டு வேனில் கீழமருதங்குடியில் வந்து இறங்கியது. இதுதான் பேரவையின் முதல் மதகு. அதனால் ஃப்ளெக்ஸ், பூக்கூடை, ரிப்பன், போட்டோகிராபர் எல்லாம் வந்திருந்தது.

மதகுக்குக் கீழே தாழ்வான நிலத்தில் நாற்றங்கால். ஊரில் இருபத்திரண்டு குடும்பம் சேர்ந்து குறுவைக்கு ஒரே இடத்தில் விதை விட்டிருந்தார்கள்.

"விதை தெளிச்சு மூணு நாள்தான் ஆகுது தம்பி" என்று கண்ணாத்தாள் இளையபெருமாளிடம் சொன்னார். "முளை இன்னும் மண்ணைப் பிடிக்கல. இப்ப தண்ணி கட்டி நின்னா அத்தனையும் அழுகிப் போயிடும். திரும்ப விதை வாங்கித் தெளிக்கறதுக்குள்ள பருவம் போயிடும். ஷட்டர் மூடுனா மூடணும். அவ்வளவுதான் எங்களுக்கு வேணும்."

இளையபெருமாள் ஷட்டரைப் பார்த்தார். ஷட்டர் மூடித்தான் இருந்தது. இடது பக்கம் தூணோடு ஒட்டிக் கச்சிதமாக நின்றது. வலது பக்கம் வழியாக ஓர் ஆட்டுக்குட்டி இந்தப் பக்கம் வந்தது.

மூடிய மதகு வழியாக ஆட்டுக்குட்டி வந்ததைப் பேரவை முழுவதும் பார்த்தது. ஷோபனா மட்டும் தயங்கினார். "தலைவரே, ஆடு..."

"ஆடு நம்ம ஆய்வு வரம்புக்குள்ள வராது" என்றார் நெடுமாறன்.

ஆய்வு தொடங்கியது. இளவழகன் பச்சை மைப் பேனாவால் செங்கல் செங்கலாக டிக் அடித்துக்கொண்டே போனார். இடது பக்கம் முடிந்ததும் பேனாவை மூடினார்.

"வலது பக்கம்?" என்றார் கண்ணாத்தாள்.

"மாதிரிச் சோதனைம்மா. முழுசாப் பாக்கறது எங்க வழக்கமில்லை."

"அந்தப் பக்கந்தானேய்யா ஓட்டை?"

"அப்படி எதுவும் சங்கத்துல இருந்து எங்களுக்கு எழுத்து மூலமா வரலை."

கண்ணாத்தாள் இடுப்பில் கை வைத்தார். "டேப்பு இருக்கா இல்லையா? அளந்து பாருங்க."

டேப் இருந்தது. இளையபெருமாளே பிடித்தார். மதகின் அகலம் ஐந்தே கால் அடி. ஷட்டரின் அகலம் நாலே முக்கால் அடி. நடுவில் அரை அடி காற்று.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். நெடுமாறன் கண்ணை மூடி யோசித்தார். வரிக் கணக்கில் முப்பது வருஷம் ஊறிய மூளை அது. கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு பிரகாசம்.

"ஐந்தே கால் அடியை ரவுண்ட் பண்ணுங்க."

"அஞ்சு" என்றார் இளவழகன்.

"நாலே முக்கால் அடியை ரவுண்ட் பண்ணுங்க."

"அஞ்சு!"

"டேலி ஆயிடுச்சு!" என்றார் நெடுமாறன். பேரவை கைதட்டியது. போட்டோகிராபர் ஒரு படம் எடுத்தார்.

கண்ணாத்தாள் நிதானமாக நடந்து போய், தன் வலது காலை அந்த இடைவெளிக்குள் முழங்கால் வரை விட்டுக் காட்டினார். "தலைவரே, இது எந்தக் கணக்குல வருது?"

"அது ரவுண்டிங் டிஃபரன்ஸ்மா. முக்கியத்துவம் இல்லாத அளவு. அதுல போற தண்ணியும் முக்கியத்துவம் இல்லாத தண்ணி."

"நாத்துக்கு அது தெரியுமா?"

"நாத்துக்கு நாங்க கடிதம் எழுத முடியாதும்மா" என்று சிரித்துவிட்டு, நெடுமாறன் படிவத்தை இளையபெருமாளிடம் நீட்டினார். "எழுதுங்க வல்லுநரே. 'ஷட்டர் தகுதியானது.' கீழ கையெழுத்து, பதிவு எண், முத்திரை."

இளையபெருமாள் படிவத்தைப் பக்கத்தில் நின்ற யாருடையதோ ஒரு சைக்கிளின் கேரியரில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். நாற்பத்து மூன்று பேர் கண் முன்னால் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர் மனைவி ரேஷன் கார்டோடு நின்றாள். 'தகுதியானது' என்று எழுத ஆறே எழுத்து. 'தகுதியில்லை' என்று எழுதலாமா? அதைச் சொல்லவும் அவர் யார்? ஷட்டரை எப்படிப் பொருத்துவார்கள் என்றே அவருக்குத் தெரியாதே. ஒருவேளை அந்த இடைவெளியை அடைக்க வேறு ஏதாவது முறை இருக்குமோ என்னமோ.

கருத்து என்று போட்டிருந்த கட்டத்தில், தன் அழகான கணக்குப்பிள்ளை எழுத்தில், அவர் எழுதினார்: 'எனக்குத் தெரியாது. தெரிந்தவரை அனுப்பவும்.' கையெழுத்துப் போட்டார். எண் போட்டார். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

படித்துப் பார்த்த ஷோபனா தலையில் கை வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுத்துல போட்டுட்டானே பாவி!" என்று நெடுமாறன் அலறினார். "முத்திரையோட போட்டுட்டானே! வெள்ளை மை கொண்டாங்கய்யா!"

அதற்குள் கண்ணாத்தாள் படிவத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இப்ப கை வைங்க பாப்போம்."

கை வைக்க நேரமில்லை. மேற்கே பையன்கள் கத்தினார்கள். தண்ணீர் வந்துவிட்டது. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக, வாய்க்கால் நிறையக் காவிரி வந்தது. நெடுமாறன் நிகழ்ச்சியை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று போட்டோகிராபர் சொன்னதை நம்பி, ஷட்டருக்குக் கீழ்ப்பக்கம் இறங்கி, பூக்கூடையோடு நின்று பேச ஆரம்பித்தார். "சோழமண்டலத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு கணக்காளர்..."

முக்கியத்துவம் இல்லாத தண்ணீர் அரை அடி வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வந்து அவரை முட்டியது. முதலில் செருப்பு போனது. பிறகு பூக்கூடை போனது. தலைவர் பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் நாற்றங்கால் பக்கமாக நகர்ந்துகொண்டே பேசினார்.

"பிரி எடுத்தாங்கடீ! மண்ணு மூட்டை! ஓடுங்க!" என்று கண்ணாத்தாள் குரல் கொடுத்தார். வைக்கோல் பிரியும் சாக்கும் வந்தன. இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"என்னக்கா செய்யணும்?"

"பிரியை இடுக்குல திணிங்க. ஆங், அப்படித்தான். மிதிங்க! ஏ, தலைவரே! பேசுனது போதும், வந்து மிதிங்க!"

தலைவர் மிதித்தார். இளவழகன் மிதித்தார். வைக்கோலைத் தண்ணீர் அரிக்காமல் இருக்க மேலே ஒரு போர்வை வேண்டியிருந்தது. பேரவையின் ஃப்ளெக்ஸை நாலாக மடித்து வைத்து அடைத்தார்கள். பேரவை டெல்டா விவசாயத்துக்குச் செய்த ஒரே தொண்டு என்று அதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் சொட்டாகக் குறைந்தது. ஓரத்துப் பாத்தி ஒன்று மட்டும் போனது. மற்றது தப்பியது.

"நாளைக்கு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது" என்ற கண்ணாத்தாள், ஈரப் புடவையோடு டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறி அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகம் அந்தப் படிவத்தைப் பார்த்து நடுங்கியது. 'சரி' என்று வந்தால் ஃபைலை முடிக்கலாம். 'சரியில்லை' என்று வந்தால் விளக்கம் கேட்டு மூன்று மாதம் ஓட்டலாம். 'தெரியாது' என்று, அதுவும் முத்திரையோடு, வந்தால் என்ன செய்வது? எந்த விதியும் இல்லை. யாரும் அதைத் தன் மேஜையில் ஒரு நிமிஷம் வைத்திருக்கத் தயாராக இல்லை. ஃபைல் சுடச்சுட மேஜை மாறி, பகல் ஒரு மணிக்கெல்லாம் இன்ஜினியர் கைக்குப் போய்விட்டது.

மூன்று மணிக்கு இன்ஜினியர் வானதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஷட்டரை அரை நிமிஷம் பார்த்தார். "அம்மா, இது வேற ஊர் மதகுக்கு அடிச்ச ஷட்டர். இங்க கொண்டுவந்து மாட்டிட்டாங்க." அங்கிருந்தே போன் போட்டுக் கத்தினார். மறுநாள் சரியான ஷட்டர் லாரியில் வந்தது.

*

திங்கட்கிழமை இளையபெருமாளின் பெயர் நீக்கப்பட்டது. 'குணப்படுத்த முடியாத நேர்மை' என்று எழுத நினைத்து, சட்டச் சிக்கல் வரும் என்று 'ஒழுங்கீனம்' என்று எழுதியிருந்தார்கள். அந்த வாரத்திலேயே முப்பது பேர் வந்து தங்கள் கணக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ரப்பர் முத்திரையை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, வயலூரில் இருக்கும் மைத்துனன் கடைக்கு வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை நன்னிலத்திலிருந்து துரைராசு என்று ஒருத்தர் வந்தார்.

"சார், எம் மாட்டுக்கு ஒரு சான்று வேணும்."

"மாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எனக்கு எண்ணும் இல்லை இப்ப."

"தெரியும் சார். அதான் பஸ் ஏறி வந்தேன். மாடு நாலு நாளா தீனி எடுக்கல. பேரவைக்காரர் ஒருத்தர், மாடு ஒரு ரூபாய் மதிப்புல நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அதைப் பாத்துட்டு ஆஸ்பத்திரியில ஃபைலை மூடிட்டாங்க. நீங்க 'தெரியாது'ன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா பயந்துக்கிட்டு டாக்டரை அனுப்புவாங்களாம். கீழமருதங்குடி அம்மா சொல்லுச்சு."

இளையபெருமாள் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். சாயங்காலமே டாக்டர் போனார். மாடு மறுநாள் எழுந்து நின்றது.

அடுத்த வாரம் மாடிப்படி முழுவதும் ஆள். கிணறு, கொட்டகை, மண், மோட்டார், பள்ளிக்கூடத்துச் சுவர். எல்லாவற்றுக்கும் இளையபெருமாள் மனசாரத் 'தெரியாது' எழுதினார். எது தெரியுமோ அதை, வரிக் கணக்கை, மட்டும் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். போன முப்பது பேரில் இருபத்தைந்து பேர் திரும்பி வந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் வரிசை முடிந்த பிறகும் ஒருத்தர் மட்டும் நின்றார். தலையில் ஹெல்மெட். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் கழற்றவில்லை.

"யாருங்க?"

ஹெல்மெட் மெதுவாக மேலே போனது. உள்ளே நெடுமாறன் வியர்த்துப்போய் இருந்தார்.

"தலைவரே! உக்காருங்க. என்ன விஷயம்?"

"ஒரு மாடி வீட்டுக்குச் சான்று, இளையபெருமாள்." குரல் கிசுகிசுத்தது. "புது வீடு. நம்ம பேரவைக் கட்டட வல்லுநர் ஒருத்தர், தாங்கும்னு எழுதிட்டாரு. பேங்க்ல அதை வச்சு ஃபைலை முடிச்சிட்டாங்க. இன்ஜினியர் வந்து பாக்கவே இல்லை."

"நம்ம வல்லுநரே எழுதியிருக்காரே, அப்புறம் என்னங்க?"

நெடுமாறன் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அடுத்த புதன்கிழமை கிரகப்பிரவேசம்யா. பொண்டாட்டி புள்ளைங்களோட நான்தான் அதுல படுத்துத் தூங்கணும்."

இளையபெருமாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"சொல்லுய்யா" என்றார் நெடுமாறன், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "மாடி தாங்குமா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"அப்பாடா!" என்று மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார் தலைவர். "நல்லாப் பெரிய எழுத்துல எழுதிக் குடு."